புதுப்பிப்பு: மகனின் மூளை முடக்குவாதம், வக்கீல் கிடைத்துவிட்டார்

பிரசவத்தின்போது தனியார் மருத்துவமனையில் நேர்ந்த தாமதத்தால் மகனுக்கு மூளை முடக்குவாதம், வக்கீல் வைக்கக் கையில் காசில்லை, என்ன செய்வது என்று மார்கழியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதல்ல கேஸ் ஷீட்டை வாங்கும்மா" என்ற அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடு. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. பதிவுத் தபாலில் கேட்டும் பதினோரு நாள் இழுத்தடித்தார்கள். வயிற்றிலிருந்தபோது அவன் இதயத்துடிப்பைப் பதித்த தாளைப் பார்த்ததும் பதறிவிட்டேன். பில் போடும் தாள் மாதிரி, பாதிக் கோடுகள் மங்கிவிட்டன. கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். உதவி எண் 15100.

எதிர்பாராத விஷயம் ஒன்று. எந்த நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவது என்பது நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. நாங்கள் கட்டியது 86,000. கெடு இரண்டு வருஷம். மனு போட்டபோது மகனுக்கு ஒரு வயது பத்து மாதம், நூலிழையில் தப்பினோம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி செல்லாது. வக்கீலிடம் வேறு வழி கேளுங்கள்.

மனு ஏற்கப்பட்டு, நோட்டீஸ் போயிருக்கிறது. தெரபிச் செலவுக்கு நிராமயா என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டோம், வருஷத்துக்கு 1 லட்சம் வரை. போன வாரம் கரண்டியைத் தானாகவே இறுக்கிப் பிடித்தான்.