ஹைட்ராலிக் லிஃப்டருக்கு வால்வ் கேப் (இடைவெளி) வைக்கணுமா?

பினாங்கு வி8: அண்ணேங்களா, பழைய செவர்லே 350 வி8 இன்ஜின், ஹைட்ராலிக் லிஃப்டர் (கேம் மேல உக்காந்து வால்வை திறக்க தள்ளுற உருளை). ரோக்கர் (வால்வை அழுத்துற கை) கழட்டி மாட்டினதுல இருந்து டக்கு டக்குனு சத்தம். பட்டர்வொர்த் போமன் (மெக்கானிக்) ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) போட்டு கேப் வைக்கணும்ங்கறாரு, சரியா?

கிள்ளான் அண்ணன்: கேப்பே கிடையாது தம்பி, அது சாலிட் லிஃப்டருக்கு, உள்ள எதுவும் அசையாத வகை. ஹைட்ராலிக்ல உள்ளுக்குள்ள பிளஞ்சர்னு அசையுற சின்ன பிஸ்டன் இருக்கு, ஆயில் பிரஷர்ல அதுவே கேப்பை அடைச்சிக்கும். சரி பண்ற சிலிண்டரை கம்ப்ரஷன் டிடிசிக்கு (கம்ப்ரஷன் முடிஞ்சு பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) கொண்டு வா, ரெண்டு வால்வும் மூடியிருக்கும், புஷ்ராடை (லிஃப்டருக்கும் ரோக்கருக்கும் நடுவுல இருக்கிற கம்பி) ரெண்டு விரல்ல பிடிச்சு மேல கீழ ஆட்டிக்கிட்டே ரோக்கர் நட்டை மெதுவா இறுக்கு, ஆட்டம் நிக்கிற இடம்தான் சைபர், அதாவது கேப் இல்லாத இடம், அங்கிருந்து இன்னும் ஒரு சுத்து இறுக்கு. புஷ்ராட் சுழலாம இறுகுற வரைக்கும் போகாதே, அதுக்குள்ள பிளஞ்சர் அமுங்கி சைபரை தாண்டியிருப்ப.

செந்தூல் கேரேஜ்: நான் அரை சுத்தோட நிறுத்துவேன், ஓடுது லா. ரொம்ப இறுக்கினா வால்வ் முழுசா மூடாது, கம்ப்ரஷன் போயிடும். காலையில மட்டும் சத்தம் வந்து சூடானதும் போயிடுதா? அப்படின்னா நட்டை தொடாதே, மொதல்ல மினியாக் ஈத்தாம் (இன்ஜின் ஆயில்) மாத்து.

பினாங்கு வி8: இல்லண்ணே, சூடானாலும் அடிக்குது. ஞாயித்துக்கிழமை வால்வ் கவரை திறக்கிறேன். கவருக்கு அடியில போடுற கேஸ்கெட் புதுசு வேணுமா?

கிள்ளான் அண்ணன்: கார்க்னா வாங்கி வச்சிடு.