மேரி லிங்கனின் உள்பாவாடையில் இருந்தது பத்திரமா, பைத்தியமா?

ஏட்டுச்சுவடி:
“அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரிக்குப் பைத்தியம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, 56,000 டாலர் கடன் பத்திரங்களை உள்பாவாடையில் தைத்துக்கொண்டு திரிந்தவரை வேறு எப்படி அழைப்பது?” என்று கறார்க்கணக்கன் நேற்று லிங்கன் இழையில் போகிற போக்கில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி தந்த எரிச்சலில்தான் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன். 1871 அக்டோபரில் சிகாகோவின் பெரும்பகுதி தீக்கு இரையானது. 1873இல் அமெரிக்காவெங்கும் வங்கிகள் நொடித்தன. இவ்விரண்டையும் கண்ட பிறகு, விடுதி அறையில் காலம் தள்ளிய ஒரு கைம்பெண் தன் பத்திரங்களை உடலோடு வைத்துக்கொண்டது பைத்தியம் என்றால், மடியில் கனமுள்ள அனைவரையும் மனநலக் காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கறார்க்கணக்கன்:
கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆவணத்தைப் பாருங்கள், ஐயா. 1875 மே 19 அன்று சிகாகோவில் 17 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். பன்னிருவர் கொண்ட நடுவர் குழு சில நிமிடங்களிலேயே முடிவுக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் பகையாளி அல்லர், பெற்ற மகன் ராபர்ட். விடுதியில் குடியிருந்தவர் மாட்டுவதற்குச் சன்னல் இல்லாமலே திரைச்சீலைகளை வாங்கிக் குவித்தாரே, அதையும் தீ விபத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்களா?

அந்திமந்தாரை:
சிகாகோ அமைந்த இல்லினாய் மாநிலத்தின் அன்றைய சட்டம் எதைச் சித்தப்பிரமை என்று கொண்டது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். கணவன் விரும்பினால் மனைவியை விசாரணையின்றியே காப்பகத்தில் அடைத்துவிடலாம் என்ற நிலை அங்கு இருந்தது. 1860இல் அப்படி அடைபட்ட எலிசபெத் பாக்கர்ட் மூன்றாண்டுகளுக்குப் பின் வெளிவந்து போராடியதன் பயனாகத்தான் 1867இல் நடுவர் விசாரணை கட்டாயமாயிற்று.

ஏட்டுச்சுவடி:
அது ஒருபுறம் கிடக்கட்டும், அம்மா. பேச்சு உள்பாவாடையைப் பற்றியது. 17 சாட்சிகள் என்று மார்தட்டுகிறாரே, அவர்களுள் இருந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் மேரியைப் பரிசோதித்ததே இல்லை. அவருக்காக வாதாட வேண்டிய ஐசக் ஆர்னால்டைத் தேர்ந்ததே எதிர்த்தரப்புதான். அவரோ மேரியின் சார்பில் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. தீர்ப்பு வந்த கையோடு அந்தப் பத்திரங்களைக் கேட்டு வாங்கியவர் ராபர்ட்டின் வழக்கறிஞர் லெனார்ட் ஸ்வெட். சொத்துக்குக் காப்பாளராக அமர்ந்தவர் அதே ராபர்ட். பணத்தை எவரிடமிருந்து காக்க வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது என்றே நான் சொல்வேன்.

வழிப்போக்கன்:
இந்த அம்மையாருக்கு இத்தனை பரிவு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்கள் உள்நாட்டுப் போரில் லிங்கனின் வடக்கை எதிர்த்த தென்னவர் படையில் நின்றார்கள். வெள்ளை மாளிகையை அழகுபடுத்த ஒதுக்கிய 20,000 டாலரையும் தாண்டிச் செலவழித்து, போர்க்காலத்தில் கணவரைத் தலைகுனிய வைத்தவரும் இவரே.

ஏட்டுச்சுவடி:
ஜெபர்சன் இழையில் ஆண்டைத் தவறாக எழுதிப் பிடிபட்டவர் இங்கே நீதிபதி வேடம் கட்டி வந்திருக்கிறார். மாற்றாந்தாய் மகன் அலெக்சாண்டர் 1862இல் மடிந்தபோதும், தங்கை எமிலியின் கணவர் 1863இல் சிக்கமாகா களத்தில் வீழ்ந்தபோதும் வாய்விட்டு அழக்கூட முடியாத இடத்தில் மேரி இருந்தார். வடக்கு அவரை ஒற்றர் என்றது, தெற்கு துரோகி என்றது. 1862இல் மகன் வில்லியை வெள்ளை மாளிகையிலேயே பறிகொடுத்தார். 1865 ஏப்ரல் 14 அன்று நாடக அரங்கில் கணவரைச் சுட்டபோது பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவர்தான்.

வழிப்போக்கன்:
ஜெபர்சன் இழையில் நான் எழுதியது தட்டச்சுப் பிழை என்று அன்றே விளக்கினேன். அதை இன்னும் மூட்டை கட்டிச் சுமக்கிறவர் உள்பாவாடை மூட்டைக்கு வக்காலத்து வாங்குவதில் வியப்பில்லை.

கறார்க்கணக்கன்:
துயரப் பட்டியல் விடையாகாது. பணமில்லை என்று 1867இல் நியூயார்க்கில் தம் பழைய உடைகளை விற்க முயன்று நாட்டையே நகைக்க வைத்தார். 1870இல் நாடாளுமன்றம் ஆண்டுக்கு 3,000 டாலர் ஓய்வூதியம் வழங்கியது. அப்படியிருந்தும் வறுமை, வறுமை என்று புலம்பிக்கொண்டே உள்பாவாடையில் 56,000 டாலரைச் சுமந்தவரின் மனநிலை சீராக இருந்ததா?

ஏட்டுச்சுவடி:
மீண்டும் உள்பாவாடைக்கே வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. பட்டேவியா காப்பகத்தில் அடைத்து நான்கு மாதங்கூட நிறையவில்லை. வழக்கறிஞர் தொழிலுக்குப் பெண் என்பதற்காக உரிமம் மறுக்கப்பட்ட மைரா பிராட்வெல் முன்னின்று முயன்றதால் மேரி வெளியே வந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் அக்காள் எலிசபெத் வீட்டில் தங்கினார். 1876 ஜூனில் இன்னொரு நடுவர் குழு அவர் தெளிந்த மனத்தவர் என்று அறிவித்தது. முதல் தீர்ப்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நீங்கள் இரண்டாம் தீர்ப்பை எந்தப் பாவாடைக்குள் ஒளித்தீர்கள்?

கறார்க்கணக்கன்:
நோய் தீர்ந்தது என்ற தீர்ப்பு, நோய் இருந்தது என்பதற்கான சான்று. இவ்வளவு எளிய தருக்கம்கூட ஏட்டில் எழுதியிருக்கவில்லை போலும்.

அந்திமந்தாரை:
சட்டம் எதை நோய் என்றது என்று நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
நான்கு மாதத்தில் தீர்கிற பைத்தியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. நாளை மாலை அந்தப் பத்திரங்களைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், அதுவரை பொறுத்திருங்கள்.

கறார்க்கணக்கன்:
தாராளமாக எழுதுங்கள். திரைச்சீலைகளுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.