“தொடரும்” இருந்த இடத்தில் “சுபம்”

குழு: திருநகர் வீடு
வெள்ளிக்கிழமை

தேவி (காலை 9.12): அத்தையின் மர பீரோவில் அடித்தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். பைண்டிங் போட்ட தொடர்கதைகள் மட்டும் 23 இருக்கின்றன. ஞாயிறு காரியம் முடிந்ததும் திங்கள்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது. யாருக்கு எது வேண்டும் என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்.

தேவி: (படம்)

தேவி: (படம்)

செந்தில்: அண்ணி, அம்புலிமாமா எத்தனை இருக்கிறது? இங்கே கோயம்புத்தூரில் பழைய புத்தகம் சேர்க்கிற ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொன்னார்.

அரவிந்தன்: விற்கிற பேச்சு வேண்டாம்.

செந்தில்: கேட்டுத்தான் வைத்தேன் அண்ணே. கரையான் தின்பதற்கு யாராவது படிக்கட்டுமே என்று.

சரோஜா சித்தி: பிரிக்க வேண்டாம்

பூரணி: சின்ன அத்தை சொல்வதுதான் சரி. செந்தில், அதில் கரையான் ஏறாது. பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறது. அத்தை மைதா மாவைக் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். வாராவாரம் பத்திரிகை வந்ததும் முதலில் பின்னைப் பிடுங்கி, கதை இருக்கிற தாளை மட்டும் உருவி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்து நேராக்குவார். தொடர் முடிந்ததும் கோணி ஊசியால் துளை போட்டு, சணல் கோத்து, பிறகுதான் புதுமண்டபத்து பைண்டரிடம் போகும். முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்குப் பழைய காலண்டர். பைண்டருக்குக் கொடுத்த காசு வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் வந்தது என்று மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது.

கார்த்திக்: கீரைக் கணக்கு 😀 அப்பத்தாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தேவி: பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கிறது. ஓரத்தில் எல்லாம் பென்சில் எழுத்து.

பூரணி: அது அத்தையின் அம்மா சேர்த்தது. 1950 கடைசியில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை கல்கியில் வந்த தொடர். ஐந்தாம் பாகத்தின் முடிவுரையைப் பிரித்துப் பார் தேவி, கோடு போட்டிருப்பார்கள். கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். மூன்றரை வருஷம் கூடவே வாழ்ந்தவர்களை அப்படி ஒரு வாரத்தில் வழியனுப்ப முடியுமா? கடைசி அத்தியாயத்தின் பெயரே ‘மலர் உதிர்ந்தது’. மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிற இடத்தில் தாள் குமிழ் குமிழாக உப்பியிருக்கும். தண்ணீர் பட்ட தாள் அது. யாருடைய கண்ணீர் என்று எனக்குத் தெரியாது, அத்தையும் சொன்னதில்லை.

செந்தில்: மதினி, ரிட்டயர் ஆகியும் வகுப்பு முடியவில்லை 🙏

பூரணி: முடியாது.

தேவி (9.40): இதைப் பாருங்கள்.

தேவி: (படம்)

தேவி: குறிஞ்சி மலர் பைண்டிங். கடைசிப் பக்கம்.

யாழினி: அம்மா, படத்தைக் கொஞ்சம் நேராக எடு. அடியில் என்ன எழுதியிருக்கிறது?

தேவி: ‘தொடரும்’ என்று அச்சில் இருக்கிறது. அதைப் பென்சிலால் அடித்துவிட்டு ‘சுபம்’ என்று எழுதியிருக்கிறார். அத்தை கையெழுத்துதான்.

அரவிந்தன்: ஆமாம்.

யாழினி: அப்பா, உங்களுக்கு முன்பே தெரியுமா?

அரவிந்தன்: பிறகு எழுதுகிறேன். பேங்கில் நிற்கிறேன்.

கார்த்திக்: யாராவது எங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பூரணி: நான் சொல்கிறேன். கார்த்திக், உன் பெரியப்பா பெயரும் என் பெயரும் இந்தக் கதையிலிருந்து வந்தவை. நா. பார்த்தசாரதி எழுதியது. மணிவண்ணன் என்ற பெயரில் கல்கியில் தொடராக வந்தது. அப்போது அவர் முப்பது வயதைத் தொட்டாரோ இல்லையோ. நாயகி பூரணி, நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரிகிறதே, அதே திருப்பரங்குன்றத்துப் பெண். பேராசிரியரான அப்பா இறந்ததும் தம்பி தங்கையைத் தூக்கிச் சுமக்கிறவள். நாயகன் அரவிந்தன், அச்சகத்தில் வேலை. தொட்டுக்கொள்ளாத காதல், ஆனால் படித்தவர்களைப் பிடித்த பிடி விடவில்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் வயதான அரவிந்தன் சார் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதே கதையில் அரவிந்தன் இறந்துவிடுகிறான். கல்யாணம் ஆகாமலே பூரணி அவனுக்காக விதவைக் கோலம் பூணுகிறாள்.

பூரணி: அந்த முடிவு நம் வீட்டு பைண்டிங்கில் கிடையாது. கடைசி நான்கு வாரத்தை அத்தை கட்டவில்லை.

கார்த்திக்: 😮

செந்தில்: டிவியில் நாடகமாக வந்ததே. தூர்தர்ஷனில். ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார்.

கார்த்திக்: எந்த ஸ்டாலின்?

செந்தில்: எத்தனை ஸ்டாலின்டா இருக்கிறார்கள்? அவர்தான்.

கார்த்திக்: உண்மையாகவா? யூடியூபில் இருக்கிறதா?

செந்தில்: தேடிப் பார். அம்மா அதைப் பார்க்கவே மாட்டேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்சிக் கோபம் என்று அப்பா நினைத்தார்.

தேவி: ஞாயிறு சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. சமையல்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

செந்தில்: நாங்கள் நாலு பேர்.

பூரணி: நான் ஒருத்தி.

அரவிந்தன் (10.55): பத்தாம் வகுப்பு லீவில் படித்தேன். என் பெயர்க்காரன் நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒருவன் லைப்ரரிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, உன் ஆள் செத்துட்டான்டா என்று காட்டினான். அந்த வாரமே ஊருக்கு வந்தேன். அம்மா, கதையில் அவன் செத்துப்போகிறானா என்று கேட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ரசம் ஊற்றவா என்று கேட்டார். அதோடு சரி.

யாழினி: அப்பா ❤️

பூரணி: என்னிடமும் சொன்னதில்லை. அத்தானுக்கு மூன்று வருஷம் கழித்து நான் பிறந்தேன். அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்து என் காதில் பூரணி என்று மூன்று முறை சொன்னாராம். எதற்காகச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தேவி: தெரியும் அக்கா. கல்யாணமான புதிதில் எனக்கும் யாரோ சொன்னார்கள். ஆறு மாதம் நான் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு படித்தேன், உங்களைப் போலவே ‘சுபம்’ வரைக்கும்.

பூரணி: அது தெரியாதே எனக்கு.

தேவி: இப்போது தெரிந்ததல்லவா. வந்ததும் பேசுவோம்.

யாழினி: நானும் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம். நான் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படித்து முடித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தபோது அம்மா பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்றார், ஞாபகம் இருக்கிறதா? அப்பத்தாதான், விடு தேவி, புத்தகம் முடிந்த வீடு சாவு விழுந்த வீடு மாதிரிதான், தானாகச் சரியாகும் என்றார். அப்புறம் என்னை ஊஞ்சலில் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். தினம் சாயங்காலம், கிட்டத்தட்ட மூன்று மாதம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவரே பெயர் மாற்றிக்கொள்வார். எல்ஃப்களைக் கந்தர்வர்கள் என்றார். அரகோர்னை ராஜா வீட்டுப் பிள்ளை என்றார்.

யாழினி: ஆர்வென் கந்தர்வப் பெண், சாவே இல்லாதவள். மனிதனைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அந்த வரத்தை விட்டுக்கொடுக்கிறாள். கதையில் கல்யாணம் நடக்கிறது, அவன் முடிசூடுகிறான், எல்லாம் மங்களம். ஆனால் டோல்கீன் மீதியைப் பின்னிணைப்பில் எழுதிவைத்திருக்கிறார். வருஷங்கள் போய் அரகோர்ன் இறந்துபோகிறான். ஆர்வென் எல்லாரும் போய்விட்ட லோத்லோரியன் காட்டுக்குத் தனியாகப் போய், அங்கே ஒரு மேட்டில் படுத்து உயிரை விடுகிறாள். அந்தப் பக்கங்களைப் புரட்டாமலே நிறையப் பேர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்குத்தான் அதைப் படித்துத் தூக்கம் போனது. அப்பத்தாவிடம் கல்யாணத்தோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் என்று கேட்டார். அவ்வளவுதான் அப்பத்தா என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

யாழினி: அப்போது எனக்கு இந்த பைண்டிங் விஷயம் தெரியாது.

அரவிந்தன்: 🙏

பூரணி: அழவைக்கிறாய் பெண்ணே.

யாழினி: இன்னொன்று பெரியம்மா. பொன்னியின் செல்வன் முடிந்தது 1954 மே என்றீர்களே. லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முதல் பாகம் லண்டனில் வெளிவந்தது அதே 1954 ஜூலை. டோல்கீனின் இன்னொரு கதையில் ஆர்வென் மாதிரியே வரத்தை விட்டவள் லூதியன், அவளுடைய மனிதன் பெரென். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனும் மனைவியும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். கல்லில் இரண்டு பேர் பெயருக்கும் கீழே லூதியன், பெரென் என்று வெட்டியிருக்கிறது. மனைவி 1971-இல் இறந்தபோது அவர்தான் அந்தப் பெயரைப் போடச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பூரணி: பெயர் வைப்பது அங்கேயும் உண்டா!

செந்தில்: 2018-இல் கொடைக்கானலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனோமே, குறிஞ்சி பூத்தபோது. 12 வருஷத்துக்கு ஒரு முறை, அடுத்தது 2030, அதற்கு நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். ஒரு பூவைக்கூடப் பறிக்க விடவில்லை. போட்டோ இருக்கிறது, தேடிப் போடுகிறேன்.

செந்தில்: அம்புலிமாமாவும் விற்க வேண்டாம். விட்டுவிடுங்கள்.

தேவி: சரி தம்பி. அப்படியானால் 23-உம் யார் வீட்டுக்கு? எங்கள் ஃபிளாட்டில் இடம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

பூரணி: என்னிடம் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஆனால் நான் கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது.

கார்த்திக்: ஸ்கேன் பண்ணலாமே. ஒரு பக்கம் விடாமல் நான் செய்கிறேன். பென்சில் எழுத்தும் வரும்.

அரவிந்தன்: செய். தாளை மடக்காமல் செய்.

சரோஜா சித்தி (12.31): இருக்கு

பூரணி: என்ன சின்ன அத்தை?

சரோஜா சித்தி: அந்த நாலு வாரம்

சரோஜா சித்தி: எங்கிட்ட இருக்கு

அரவிந்தன்: சித்தி?

சரோஜா சித்தி: (குரல் செய்தி, 2 நிமிடம் 40 நொடி)

கார்த்திக்: வகுப்பில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்.

தேவி: நான் கேட்டேன். எழுத முடியவில்லை. யாழினி, நீ எழுது.

யாழினி: சின்ன அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்காவுக்கு அப்போ ஆறு மாசம். அரவிந்தன் வயித்துல இருந்தான். அந்த வாரப் புத்தகத்தைப் படிச்சுட்டு ராத்திரி சாப்பிடலை. பையன் பொறந்தா அரவிந்தன்னு ஏற்கெனவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. சாகுறவன் பேரையா வைக்கப் போறேன்னு அம்மா ஒரே சண்டை. மறுநாள் காலையில நாலு வாரத்தையும் என் கையில குடுத்து, சரோ, வெந்நீர் அடுப்புல போட்டுடு, யார்கிட்டயும் சொல்லாதேன்னா. எனக்குப் பதினாலு வயசு. நான் விறகுக்கு மேல தினசரிப் பேப்பரைப் போட்டு எரிச்சுட்டு, இதைப் பாவாடைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். கதைத் தாளை எரிக்க எனக்கு மனசு வரலை. அப்புறம் கல்யாணத்துக்கு ராஜபாளையம் வந்தப்ப டிரங்குப் பெட்டிக்கு அடியில வெச்சுக் கொண்டுவந்தேன். போன மாசம் ஆஸ்பத்திரியில அக்கா என் கையைப் பிடிச்சுட்டு, சரோ, அன்னிக்கு எரிச்சுட்டேல்லன்னு கேட்டா. எரிச்சுட்டேன்க்கான்னு சொன்னேன். சரி, தூங்குறேன்னா.” இவ்வளவுதான்.

அரவிந்தன்: சித்தி, போன் எடுங்கள்.

பூரணி: 65 வருஷம்.

செந்தில்: சித்தி நீங்கள் சொன்னது பொய் இல்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

சரோஜா சித்தி: சனிக்கிழமை கொண்டு வரேன்

கார்த்திக்: அதையும் ஸ்கேன் செய்யலாமா?

பூரணி: செய்யலாம். ஆனால் பைண்டிங்கோடு சேர்த்துத் தைக்கக் கூடாது என்பது என் எண்ணம். ‘சுபம்’ என்று அத்தை எழுதிய பக்கம் கடைசிப் பக்கமாகவே இருக்கட்டும். இதைத் தனி உறையில் வைக்கலாம், அந்தப் பின்னிணைப்பு மாதிரி.

செந்தில்: அண்ணன் சொல்லட்டும்.

அரவிந்தன்: தெரியவில்லை. ஞாயிறு உட்கார்ந்து பேசுவோம்.

யாழினி: சின்ன அப்பத்தா, நீங்கள் அதைப் படித்தீர்களா?

சரோஜா சித்தி: இல்லை

சரோஜா சித்தி: மடிச்சது மடிச்சபடி இருக்கு

தேவி: சின்னத்தை, சனிக்கிழமை பஸ்ஸா ரயிலா? ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டும். சாப்பாட்டுக் கணக்கு 31 என்று சொல்லிவிடுகிறேன், கூடினால் மதியத்துக்குள் சொல்லுங்கள். பீரோ யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.