அயர்லாந்து ஜூனியர் யூரோவிஷன்: ஐரிஷைப் பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளை பாடப் போகலாமா?

லிமரிக்வாசி:
மகளுக்குப் பத்து வயது. டிஜி4 சேனலில் ஜூனியர் யூரோவிஷன் (நாடுகளுக்கிடையே நடக்கும் பிள்ளைகள் பாட்டுப் போட்டி) தேர்வுச் சுற்றைப் பார்த்ததிலிருந்து "நானும் போறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பாட்டுக் கிளாஸ் போகிறாள், சுருதி விலகாது. ஆனால் வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம். ஐரிஷ் பள்ளிப் பாடம் மட்டும்தான். பெரியவர்கள் யூரோவிஷனில் அயர்லாந்து ஆங்கிலத்தில்தானே பாடி வந்தது? பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஐரிஷில்தான் பாடணும் என்ற கெடுபிடி? பாட்டையும் நாமே எழுதித் தரணுமா?

கால்வே கலா:
தம்பி, அனுப்புவது யார் என்று முதலில் பாருங்கள். பெரியவர்கள் போட்டிக்கு ஆள் அனுப்பி வந்தது அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ. பிள்ளைகள் போட்டி 2003-லேயே கோபன்ஹேகனில் ஆரம்பித்தாலும், அயர்லாந்து உள்ளே வந்தது 2015-ல், டிஜி4 பொறுப்பேற்ற பிறகுதான். எங்கள் பக்கத்துக் கானமாராவில், 1996-ல் தொடங்கிய ஐரிஷ் மொழிச் சேனல் அது. அவர்கள் வேறெந்த மொழியில் பாட வைப்பார்கள்? போதாததற்கு, பாட்டின் பெரும்பகுதி அந்தந்த நாட்டு மொழியில் இருக்கணும் என்பது போட்டியின் விதியே.

ஏழு தடவை ஜெயித்த நாடு, பெரியவர்கள் மேடையில் ஐரிஷில் பாடியது 1972-ல் ஒரே ஒரு முறை! பிள்ளைகளோ போகிற வருஷமெல்லாம் பாடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிசு, பரிசு அப்புறம். (2022-ல் ஆர்மேனியாவின் யெரெவானில் நம் பிள்ளைகளுக்கு வந்த நான்காம் இடம் நல்ல சாதனைதான், மறுக்கவில்லை.)

உங்கள் பெண் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்வேன். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ண விடாதீர்கள். 'ழ' வராதவர் தமிழ்ப் பாட்டு பாடினால் நமக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும் இல்லையா, அதே கதைதான் இங்கே. தொண்டையிலிருந்து வரும் ஒலி ஒன்றிருக்கிறது, பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அதை 'க' என்றே முடித்துவிடுவார்கள்.

பாட்டு எழுத வேண்டாம். இப்போதெல்லாம் முதலில் குரலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பாட்டு பிறகு வருகிறது. இந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை. யார் பாடினாலும் பொருந்துகிற மாதிரிப் பாட்டாகிவிடுகிறது.

டப்ளின் ராஜு:
கலாக்கா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பாட்டோடு வா என்றால், காசு கொடுத்து இசையமைப்பாளர் பிடிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைதானே முந்தும்?

இன்னொன்று, மதிப்பெண்ணில் பாதி இணைய வாக்கு. அதில் சொந்த நாட்டுக்கும் போடலாம், ஆனால் குறைந்தது மூன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கணும். மீதிப் பாதி மதிப்பெண் நடுவர்களிடம். 2022-ல் பிரிட்டன் இணைய வாக்கில் முதலிடம், மொத்தத்தில் ஐந்தாவது. சொந்தக்காரர்களைத் திரட்டி ஜெயிக்கிற கணக்கெல்லாம் செல்லாது.

லிமரிக்வாசி:
நன்றி அக்கா, நன்றி ராஜு. அவசரமாக இந்த வருஷமே முயற்சி பண்ணணுமா, அதுதான் யோசனை.

கால்வே கலா:
வேண்டாமே. 9 முதல் 14 வயது வரை போகலாம், அவளுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் ஷான்-நோஸ் கேட்க வையுங்கள். பக்கவாத்தியம் இல்லாமல், சுரத்தை வளைத்து இழைத்துப் பாடுகிற இந்த ஊர்ப் பழைய பாணி. கமகம் பழகிய தொண்டை சட்டென்று பிடித்துக்கொள்ளும். பள்ளி ஐரிஷ் டீச்சரிடம் கேளுங்கள், உச்சரிப்பைத் திருத்த ஒரு பழைய பாட்டு எடுத்துக் கொடுப்பார்.