குரூப் வொர்க்னு சொல்லி நல்லா படிக்கிற புள்ள தலையிலயே எல்லாத்தையும் கட்டலாமா?

மஞ்சக்குப்பம்_அம்மா:
என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. புது டீச்சர் வந்ததுலேர்ந்து எல்லாமே குரூப்பு தான், சார்ட் வரையுறதுலேர்ந்து கிளாஸ்ல எழுந்து பேசுற வரைக்கும் இவ ஒருத்தியே செய்யுறா, மத்த அஞ்சு பேரும் வேடிக்கை பாக்குறாங்க, மார்க் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. கேட்டா பசங்களுக்குள்ள ஒத்துழைப்பு வளரணும்மாங்குறாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஸ்கெட்ச் பேனாவோட உக்காந்திருக்கிற புள்ளைக்கு யாருங்க ஒத்துழைக்கிறா?

பாதிரிக்குப்பம்_அப்பா:
சரியா கேட்டீங்க. பத்தாவது, பன்னெண்டாவது, நீட் எல்லாம் தனியா தானே எழுதணும்? அன்பு, பண்பெல்லாம் வீட்டுல சொல்லிக் குடுக்க வேண்டியது, ஸ்கூல்ல பாடத்தை நடத்துனா போதும்.

முத்தியால்பேட்டை_டீச்சர்:
அம்மா உங்க கோவம் நியாயம், ஆனா அங்க நடக்குறது குரூப் வொர்க்கே இல்ல, ஆறு பேரை வட்டமா உக்கார வச்சிருக்காங்க, அவ்ளோதான். 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் ஊர்ல வெள்ளைக்கார புள்ளைங்க, கறுப்பின புள்ளைங்க, மெக்சிகன் புள்ளைங்கன்னு அப்பதான் ஒரே கிளாஸ்ல சேர்த்தாங்க, ஒரே சண்டை. எலியட் ஆரன்சன்னு ஒரு சைக்காலஜி புரொபசர் பாடத்தையே துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாரு. என் துண்டு உனக்கு வேணும், உன் துண்டு எனக்கு வேணும், அதனால பக்கத்துல இருக்கிறவன் பேசுறதை கேட்டே ஆகணும். ஜிக்சா முறைன்னு பேரு. கடைசில டெஸ்ட் தனித்தனியா, மார்க்கும் தனித்தனி தான்.

‘தானே’ன்னு பேரு வச்ச புயலை வச்சு நான் நடத்துனேன். 2011 டிசம்பர் 30ல நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சே அதுதான், இப்ப ஏழாவது படிக்கிறதுங்க அப்ப பொறக்கவே இல்ல. புயல் எப்படி உருவாகுதுன்னு ஒருத்தருக்கு, துறைமுகத்துல ஏத்துற கூண்டு நம்பருக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தருக்கு, பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா விழுந்தது ஒருத்தருக்கு, கரண்ட் இல்லாம ஜனங்க பட்ட பாடு ஒருத்தருக்கு. வாயே தொறக்காத ஒரு பையனுக்கு கூண்டு வந்துச்சு. அவங்க அப்பா கடலுக்கு போறவரு, வீட்டுல கேட்டுட்டு வந்து எந்த நம்பருக்கு போட்டை இறக்க மாட்டாங்கன்னு அவன் சொல்லச் சொல்ல எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்குற பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா.

பாதிரிக்குப்பம்_அப்பா:
கேக்க நல்லாத்தான் இருக்கு டீச்சர், அந்தப் பையன் தப்பா சொல்லியிருந்தா? அந்தப் பொண்ணுக்கு தானே மார்க் போகும்.

முத்தியால்பேட்டை_டீச்சர்:
அதுக்கும் வழி இருக்கு சார். எல்லா குரூப்லயும் கூண்டு வாங்குனவங்க முதல்ல ஒண்ணா உக்காந்து பேசி சரி பாத்துக்குவாங்க, நானும் நடுவுல போய் கேப்பேன், அப்புறம்தான் அவங்கவங்க குரூப்புக்கு திரும்பணும். இந்த இடத்தை விட்டுட்டா நீங்க சொல்ற மாதிரி தான் ஆவும்.

ஓல்டுடவுன்_வாசி:
மார்க்கை விடுங்க. யாரு பக்கத்துல யாரு உக்கார்றாங்கன்னு பாத்திருக்கீங்களா? ஒரே தெரு பசங்க ஒரே பெஞ்சுல. நாங்குநேரியில 2023ல கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டுனாங்க, அப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024ல அறிக்கை குடுத்துச்சு, கையில சாதியைக் காட்டுற கலர் கயிறு வேண்டாம், பேரோட அகரவரிசையில உக்கார வைங்கன்னு. எந்த கிளாஸ்ல செய்யுறாங்க? குரூப்பை பசங்க இஷ்டத்துக்கு விட்டா தெருவுக்கு ஒரு குரூப்பு தான் வரும், டீச்சர் தான் பிரிக்கணும். வீட்டுல சொல்லிக் குடுக்கணும்கிறீங்க அண்ணா, சில வீட்டுல தான் அந்தக் கயிறையே கட்டி அனுப்புறாங்க.

பாதிரிக்குப்பம்_அப்பா:
கயிறு விஷயத்துல தம்பி சொல்றதை ஒத்துக்குறேன். ஆனா நாப்பத்தஞ்சு புள்ளைங்க, ஒரு பீரியட், அதுக்குள்ள சிலபஸ் முடிக்கணும். எங்க நேரம் இருக்கு?

முத்தியால்பேட்டை_டீச்சர்:
தினமும் வேண்டாம் சார், கணக்குக்கும் எல்லா நேரமும் சரிப்படாது. வாரத்துக்கு ஒரு பீரியட், சோஷியல், சயின்ஸ்ல துண்டா பிரிக்க வர்ற பாடம் மட்டும்.

மஞ்சக்குப்பம்_அம்மா:
பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ரெண்டு விஷயம் கேக்கப் போறேன், மார்க் தனித்தனியா போடணும், குரூப் வேலைய வீட்டுக்கு குடுத்து அனுப்பாம கிளாஸ்லயே முடிக்கணும். டீச்சர், அந்தப் புயல் பாடத்தை எப்படி பிரிச்சீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்துப் போடுங்க, எங்க டீச்சர்கிட்ட காட்டுறேன்.