31-ஆம் நாளுக்கு என்ன புத்தகம் கொடுப்பது?

குழு: அப்பப்பா வீட்டார்

பெரியப்பா, மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வீட்டுக்கிருத்தியம், அவர் காலமான 31-ஆம் நாள் கிரியை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை வீட்டில் நடைபெறும். அவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு நூல் அச்சகத்துக்குப் போய்விட்டது. ஒப்புநோக்குவதற்கு நாளை பின்னேரம் தருவார்கள். கல்வெட்டோடு எவர்சில்வர் தட்டுக் கொடுக்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிட்டு, 34 வருடம் தமிழ் படிப்பித்த ஒருவரின் நினைவாக வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுப்பதே பொருத்தம் என்று அம்மாவும் நானும் கதைத்தோம். 60 வீடுகளுக்கும் திருக்குறளையே உரையோடு கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

குஞ்சியப்பா, 6.20
நல்ல யோசனை அண்ணா. ஆனால் திருக்குறள் இல்லாத வீடு எது?

ரொறன்ரோ மாமி, 6.24
எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. மூன்றும் இப்படியான நிகழ்வுகளில் கிடைத்தவை. பிள்ளைகள் ஒன்றையேனும் திறந்ததை நான் பார்க்கவில்லை.

நான், 6.31
பெரியப்பா, அப்பப்பா இரண்டு பேருக்கு ஒரே புத்தகத்தைக் கொடுத்து நான் கண்டதில்லை. எனக்கு ஒன்பது வயதில் அம்மாள் வருத்தம் (அம்மை) வந்து படுத்திருந்தபோது, செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ நூலைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். ஆச்சி கதிர்காமத்துக்குப் போகிற கதையை வாசித்து, சொறிகிற எண்ணமே இல்லாமல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டு கிடந்தேன். வருகிறவர்களின் வயதையும் விருப்பத்தையும் பார்த்து ஐந்தாறு தலைப்புகளாக வாங்கினால் என்ன?

பெரியப்பா, 6.49
பிள்ளை, நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குத் தடித்த புத்தகமும் இன்னொருவருக்கு மெல்லிய புத்தகமும் கிடைத்தால் பேச்சு வரும். தங்கச்சியின் கலியாணத்தில் சேலை கொடுத்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ரொறன்ரோ மாமி, 6.50
அதை இப்போது எடுக்க வேண்டாம், பெரியண்ணா.

பெரியப்பா, 7.15
சரி, விடுகிறேன். தலைப்புகளைப் பிரிப்பதென்றால் ஒழுங்காகப் பிரிப்போம். சிறு பிள்ளைகளுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடல்களைத்தான் சொல்வேன். ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை’ பாட்டைக் கேட்ட பிள்ளை கூழும் கொழுக்கட்டையும் கேட்காமல் விடாது; ‘கத்தரி வெருளி’யைப் பாடிக் காட்டினால் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிற பிள்ளையும் இரண்டாம் நாள் தானே பாடும். தங்கச்சி, உன்னுடைய ஏழு வயதுக்காரிக்குத் தமிழ் எழுத்து வசப்படவில்லை என்று கவலைப்பட்டாய் அல்லவா? அவளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல், நீ பாட அவள் கேட்கட்டும். காது பழகிய பிறகு கண் தானாக வரும் என்பதை அப்பாவின் வகுப்பில் நானே பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய ‘மடோல் தூவ’ தமிழிலும் வந்திருக்கிறது. உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டுப் போய் ஆளில்லாத தீவொன்றில் பயிர் செய்து வாழ்கிற கதை அது. நம் பிள்ளைகளோடு படிக்கிற சிங்களப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை என்பதால், அதைப் பற்றிக் கதைக்கவும் ஆள் இருக்கும்.

தெஹிவளைத் தம்பி, 7.22
பெரியப்பா, எனக்குப் பதினாறு வயது. நீளமான கதை என்றால் நான் பாதியில் விட்டுவிடுவேன். அப்பப்பா எனக்கு மஹாகவியின் ‘குறும்பா’வைத்தான் தந்தார். 1966இல் வந்த புத்தகம் என்று நம்பவே முடியாது; ஐந்து அடிக்குள் ஒரு கதை முடிந்து சிரிப்பும் வந்துவிடும்.

குஞ்சியப்பா, 7.23
இவன் தமிழில் வாசித்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

நான், 7.30
இப்படித்தான் ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு அக்கா ஹற்றனில் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்குத் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ கொடுத்தால் தன் லயத்து வாழ்க்கையையே வாசிப்பார். நெடுந்தீவுப் பெரியம்மாவுக்கு ‘வாடைக்காற்று’. அவர் படத்தைப் பார்த்திருக்கிறார், நாவலை வாசிக்கவில்லை.

அம்மா, 7.33
60 வீடு என்று முடிவாகிவிட்டதா? அதே பட்டியலைப் பார்த்துத்தான் சாப்பாட்டுக்கும் சொல்ல வேண்டும்.

பெரியப்பா, 7.35
60தான். ஆட்கணக்கு இரவு அனுப்புகிறேன்.

ரொறன்ரோ மாமி, 7.38
எங்கள் அம்மாவுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள், அண்ணா? அவரை ஒருவரும் கேட்கவில்லை.

நான், 7.46
அப்பம்மாவை நான் கேட்டேன். கண்ணில் வெண்படலம் வந்த பிறகு சிறிய எழுத்து கலங்குகிறதாம். புதுக் கதை வேண்டாம், ‘பொன்னியின் செல்வன்’ போதும் என்கிறார். கல்கி அதை 1950இலிருந்து தொடராக எழுதியபோது, வாரா வாரம் சஞ்சிகைக்காகத் தன் வீட்டில் நடந்த சண்டையை இப்போதும் சொல்கிறார். ஆனால் அப்பப்பாவின் அலுமாரியில் நான்கு பாகங்கள்தான் இருக்கின்றன. மூன்றாம் பாகமான ‘கொலைவாள்’ இல்லை.

ரொறன்ரோ மாமி, 7.47
அது சின்னண்ணாவிடம் இருக்கிறது என்று அப்பா எப்போதும் சொல்வார்.

பெரியப்பா, 7.49
தம்பி, இத்தனை வருடமாகியும் அதைத் திருப்பிக் கொடுக்காதது சரியில்லை.

குஞ்சியப்பா, 8.20
அண்ணா, அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை. 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் உடுப்புப் பைக்குள் அதையும் வைத்துக்கொண்டு வந்தேன். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நகர முடியாமல் இரவு முழுவதும் மழையில் நின்றோம். விடிந்து பார்த்தபோது தாள்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கைதடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் காயவைத்தேன், காயவில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். அப்பாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. புதிதாக வாங்கிவைத்தால் பழையது போனது தெரிந்துவிடுமென்று அதையும் செய்யவில்லை. அப்பா ஒருநாளும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை.

ரொறன்ரோ மாமி, 8.24
சின்னண்ணா, இதை எங்களிடமாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா, 8.26
மாமாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு, தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டுத்தான் மற்ற நான்கையும் அடுக்குவார்.

நான், 8.40
நாளை காலை காலி வீதிப் புத்தகக் கடைகளில் எந்தத் தலைப்பில் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேட்டுவருகிறேன். 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போய், எழுத்தின் அளவைப் புரட்டிப் பார்த்த பிறகே வயதானவர்களுக்கான புத்தகங்களை வாங்குவேன். மாமி, கடையில் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2005இலிருந்து சேர்த்துவருகிறார்கள், இலவசமாகவே வாசிக்கலாம்.

தெஹிவளைத் தம்பி, 8.43
அக்கா, நானும் வருகிறேன். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் புத்தகத்தை எழுதித் தருகிறேன்.

பெரியப்பா, 8.51
எழுதுங்கள். ஆனாலும் 20 திருக்குறளாவது வாங்க வேண்டும். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரியாத வீடுகளும் இருக்கின்றன.

நான், 8.53
அந்த வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம், பெரியப்பா.

பெரியப்பா, 8.54
துக்க வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்து என்ன வாசிப்பீர்கள் என்று கேட்பதா? யோசிப்போம்.

நான், 9.05
அப்பம்மா மூன்றாம் பாகத்தைப் பெரிய எழுத்தில் வாங்கினாலும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார்.

குஞ்சியப்பா, 9.06
நான் வாசிக்கிறேன். நாளை பின்னேரம் வருகிறேன் என்று சொல்லு.

பெரியப்பா, 9.10
வரும் வழியில் அச்சகத்தில் ஒப்புநோக்கும் பிரதியையும் எடுத்துக்கொண்டு வா, தம்பி. திருக்குறள் விடயத்தை அப்போது கதைப்போம்.