டோபமைன் சொட்டு வேகம்: எனக்கு 4.95 வருகிறது, விடைக்குறிப்பில் 4.5. பிழை எங்கே?

கேள்வி (பி.எஸ்சி. நர்சிங் மாணவி):
வணக்கம். நோயாளியின் எடை 60 கிலோ. கிலோவுக்கு நிமிடத்திற்கு 5 மைக்ரோகிராம் வீதம் டோபமைன் (குறைந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து) செலுத்த வேண்டும். 200 மில்லிகிராம் மருந்துள்ள 5 மில்லி ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்றை நார்மல் சலைனுடன் சேர்த்து 50 மில்லி ஆக்கியிருந்தால், சிரிஞ்சு பம்பை மணிக்கு எத்தனை மில்லியில் வைப்பது என்பதே கணக்கு. 5-ஐ 60-ஆல் பெருக்கி நிமிடத்திற்கு 300, மணிக்கு 18,000 மைக்ரோகிராம் என்று கண்டேன். 50 மில்லி சலைனும் 5 மில்லி மருந்தும் 55 மில்லி என்பதால், மில்லிக்கு ஏறத்தாழ 3,636 மைக்ரோகிராம் எனக் கொண்டு வகுத்தேன். இதே ஆம்பூலை 500 மில்லி பாட்டிலில் சேர்க்கும் கணக்கில் அந்த 5 மில்லியை நான் பொருட்படுத்தவே இல்லை; அங்கே விடை சரியாக இருந்தது. அதனால்தான் குழப்பம்.

மறுமொழி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
உங்கள் பெருக்கலில் பிழையில்லை. கணக்கை வாசித்ததில்தான் பிழை. ‘50 மில்லி ஆக்கி’ என்றால் மருந்தையும் சேர்த்து மொத்தம் 50 மில்லி, அதாவது 45 மில்லி சலைனும் 5 மில்லி மருந்தும். அப்போது மில்லிக்கு 4,000 மைக்ரோகிராம். 18,000-ஐ அதனால் வகுத்தால் 4.5. இந்தச் சிரிஞ்சை 4.95-இல் ஓடவிட்டால் நோயாளிக்கு 5-க்குப் பதில் 5.5 மைக்ரோகிராம் போய்ச் சேரும். பாட்டிலில் அந்த 5 மில்லி நூற்றில் ஒரு பங்கு என்பதால் கண்ணில் படவில்லை, சிரிஞ்சிலோ அது பத்தில் ஒரு பங்கு.

சரிபார்க்க நான் கையாளும் வழி ஒன்று உண்டு. எடையை 3-ஆல் பெருக்கி வரும் மில்லிகிராமை 50 மில்லியில் கரைத்தால், மணிக்கு 1 மில்லி என்பது கிலோவுக்கு நிமிடத்திற்கு 1 மைக்ரோகிராம் ஆகும். 60 கிலோவுக்கு அது 180 மில்லிகிராம். நம்மிடம் இருப்பது 200 என்பதால், 5-ஐ 180-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் அதே 4.5 வருகிறது.

மாணவி:
மிக்க நன்றி, அக்கா. பம்ப் இல்லாமல், அந்த 500 மில்லி பாட்டிலைச் சொட்டு எண்ணித்தான் செலுத்த வேண்டும் என்று கேட்டால்?

மறுமொழி (அதே செவிலியர்):
பம்ப் இருக்குமிடத்தில் இந்த மருந்தைச் சொட்டு எண்ணிச் செலுத்த நான் துணிய மாட்டேன். ஆனால் தேர்வில் கேட்பார்கள். பாட்டிலில் மில்லிக்கு 400 மைக்ரோகிராம் இருப்பதால் மணிக்கு 45 மில்லி தேவை. மைக்ரோடிரிப் செட்டில் (மிகச் சிறு சொட்டாக விழும் குழாய்த் தொகுப்பு) ஒரு மில்லிக்கு 60 சொட்டு, மணிக்கும் 60 நிமிடம்; இரண்டும் அடிபட்டுப்போவதால் நிமிடத்திற்கு 45 சொட்டு என்று நேராகவே எழுதிவிடலாம். மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண செட்டில் 15 சொட்டு, உறையில் 15 என்று அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ 11. ஆகவே உறையைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.